சண்டைக்கார மிஸ்ஸி

அந்த மிஸ்ஸி என்னை அடித்தபோது வார்டில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் தன் பிள்ளைக்கு மைலோ ஆற்றிக்கொண்டிருந்தாள், ஆற்றிக்கொண்டே இருந்தாள். அங்கே அடி என்பதும் ஊசி மாத்திரை போல அன்றாடச் சமாச்சாரம் என்று எனக்கு அப்போது தெரியாது.

என் மகள் மேகலாவுக்கு அப்போது நான்கு வயது. எண்பதுகள் தொடங்கியிருந்தன. சுங்கை சிப்புட்டுக்கு அப்பால், என் கணவரின் அண்ணன் மண்டோராக ஆட்களை வேலை வாங்கிய ரப்பர் தோட்டத்தில் சில நாள் இருந்துவிட்டு வந்தாள். தொழிலாளர் குடியிருந்த லயன் வீடுகளுக்குப் பின்னால் அல்லூர்ச் சாக்கடை, அதற்கு அந்தப் பக்கம் ஒரு சீனருடைய பன்றிப் பட்டி. அந்தி சாய்ந்தால் கொசு முகத்தில் மோதும். அதையெல்லாம் அப்போது யார் யோசித்தார்கள்? எங்கள் புந்தோங் வீட்டுக்குத் திரும்பிய பிறகு காய்ச்சல், தலைவலி, வாந்தி. பிறகு என்னையே யாரோ போலப் பார்க்கிற ஒரு பார்வை. டாக்சி பிடித்து ஈப்போவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கட்டிலில் கிடத்திய நேரத்தில் வலிப்பு வந்தது.

வலிப்பு என்ற சொல்லை நான் படித்திருந்தேன், பார்த்ததில்லை. கண் மேலே செருகி, வாய் ஒரு பக்கம் இழுத்து, அந்தச் சின்ன உடம்பு பிடித்துப்போட்ட மீன் போல மெத்தைமேல் துள்ளியது. வலிப்புக்காரர் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். என் மாமியார் பின்னாலிருந்து, "சாவிய குடு, புள்ள கையில சாவிய குடு!" என்று அலறினார். நான் வீட்டுச் சாவிக்கொத்தை அவள் கைக்குள் திணித்தேன். பல்லுக்கு நடுவில் ஒரு கரண்டியையும் நுழைக்கப் பார்த்தேன்.

பளீரென்று என் புறங்கையில் ஓர் அடி. சாவி எங்கோ போய் விழுந்தது. "பல்ல ஒடச்சு தொண்டைக்குள்ள தள்ளப் போறியா? நகருலா!"

மிஸ்ஸி என்னைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, மகளை ஒருக்களித்துப் புரட்டி, முழங்காலால் அணை கொடுத்து, தொடையில் ஊசியைக் குத்தினார். துள்ளல் அடங்கும்வரை அவளுடைய தாடையைப் பிடித்தபடி நின்றார். அடங்கியதும் என்னைப் பார்த்தார்.

"சாவி எதுக்கும்மா? உள்ள யாரு பூட்டிக்கிட்டு இருக்கா?"

எங்கள் பக்கத்தில் தாதிகளை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் குத்தியிருந்தார். அதை இங்கே எழுதுவது அவருக்கு நல்லதா கெட்டதா என்று எனக்கு முடிவு செய்யத் தெரியவில்லை. அதனால் எழுதவில்லை. வார்டில் இருந்த தாய்மார்கள் அவரைச் சண்டைக்கார மிஸ்ஸி என்பார்கள். அவர் காதில் விழும்படியேதான் சொல்வார்கள்.

நாற்பதை ஒட்டிய வயது. மரம் வெட்டுகிறவர்களுக்கு இருக்கிற மாதிரித் திரண்ட முன்கை. கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை. வலது புருவத்தை இரண்டாக வெட்டிய ஒரு தழும்பு. எதையும் மெதுவாகச் செய்து நான் பார்த்ததில்லை. கதவை இடுப்பால் இடித்துத் திறப்பார், காலால் உதைத்து மூடுவார். சுழலாத மின்விசிறியின் விசையை உள்ளங்கையால் அறைவார், அது சுழலும். வார்டில் பேச்சுச் சத்தம் மிஞ்சினால் எவர்சில்வர் தட்டால் கட்டில் கம்பியில் ஓங்கி ஒரு போடு போடுவார். பிள்ளைகளெல்லாம் அழும். "அழுவுது பாரு, நல்லது. அழுவாததுதான் எனக்குப் பயம்" என்பார்.

எனக்குப் பொறுக்காதது ஒன்று இருந்தது. ஒவ்வொரு முறை வேலைக்கு வந்ததும் மயங்கிக் கிடக்கிற பிள்ளைகளின் நெஞ்செலும்பில் விரல் முட்டியை வைத்து அழுத்தித் தேய்ப்பார். வலி தெரிகிறதா, கை தட்டிவிட வருகிறதா என்று பார்ப்பதற்காம். மேகலாவின் நெஞ்சில் அந்த இடம் கன்றிப்போய் நீலமாகிவிட்டது. அவள் அசையவில்லை. நான் அந்த நீலத்தின்மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு தாயாக நான் தடுத்திருக்க வேண்டுமோ? ஆனால் தேய்த்துவிட்டு அவர் மகளுடைய முகத்தைப் பார்க்கிற பார்வையைப் பார்த்தால் தடுக்க வாய் வராது. யாரோ பதில் சொல்வார்கள் என்று கதவைத் தட்டிவிட்டு நிற்கிறவர் மாதிரி நிற்பார்.

மைலோ ஆற்றிய அந்தப் பெண் பீடோரிலிருந்து வந்தவர். அவருடைய மகனுக்கு நெஞ்சுச் சளி. "இந்த மிஸ்ஸிக்கு யாராச்சும் கல்யாணம் பண்ணி வெச்சா சொல்லு தங்கச்சி. மாப்பிள்ளைக்கு ஒரு பெட்டு நான் இப்பவே புடிச்சு வெக்கிறேன்லா" என்பார். நான் சிரித்தேனா என்று நினைவில்லை. சிரித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு நாள் ஒரு பிள்ளையின் தகப்பன் குடித்துவிட்டு வந்தான். பிள்ளை இன்னும் தேறவில்லை என்று மனைவியிடம் கத்தி, வார்டு நடுவிலேயே அவள் முடியைப் பிடித்தான். மிஸ்ஸி ஓடவில்லை, நடந்துதான் வந்தார். அவன் கையைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் மடக்கினார். எலும்பு நெறிபடுகிற சத்தம் எனக்கே கேட்டது. அவன் முகம் குப்புற விழுந்ததும் காவல்கார ஜாகா வருகிறவரை அவன் முதுகின்மேல் உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்தபடியே எங்களைப் பார்த்து, "இவன் அடிச்சா குடும்பச் சண்ட. நான் அடிச்சா டிசிப்ளின் கேசு" என்றார். அவன் மூக்கிலிருந்து வந்த ரத்தத்தைப் பிறகு அவரேதான் துடைத்து மருந்து போட்டார். அதையும் அழுத்தித்தான் துடைத்தார்.

மகளுக்கு மூளைக் காய்ச்சலா என்று பார்க்க முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். இளம் சீனர், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. எங்கள் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு: முதுகில் தண்ணீர் எடுத்தால் கால் விளங்காது. தோட்டத்துக்குத் தோட்டம் அப்படி முடமான ஒருவரைச் சொல்வார்கள். யாரும் நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். என் கணவர் லோரியோடு குவாந்தான் பக்கம் போயிருந்தார். நான்தான் கையெழுத்துப் போட்டேன். மிஸ்ஸி மகளை இறால் மாதிரிச் சுருட்டி, கழுத்தையும் முழங்காலையும் சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொள்ள, டாக்டர் ஊசியை இறக்கினார். திரைக்கு வெளியே நின்ற எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

அந்த நீரில் வெள்ளை அணுக்கள் நிறைய இருந்தன. டாக்டர் ஆங்கிலமும் மலாயும் கலந்து எனக்கு விளக்கினார். நான் பள்ளியிறுதியான ஐந்தாம் படிவம் வரை படித்தவள் என்பதால் பொறுமையாகவே சொன்னார். வெள்ளை அணுக்கள் கிருமிகளோடு போராடும் என்று நானும் பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். ஆனால் பாடப்புத்தகத்தில் அது சுத்தமான சண்டை. இவர் சொன்னது அப்படி இல்லை.

மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களின் சுவர் மிகவும் இறுக்கமானதாம். சாதாரண நாளில் அந்த வெள்ளை அணுக்களைக்கூட எளிதில் உள்ளே விடாதாம். பன்றியிடமிருந்து கொசு வழியாக வந்த வைரஸ் எப்படியோ உள்ளே புகுந்துவிட்டது. மூளைக்குள்ளேயே குடியிருக்கும் காவல் அணுக்கள் அதைக் கண்டுகொண்டு ரசாயனத்தால் கூக்குரல் போட்டிருக்கின்றன. அதைக் கேட்டு வெளியிலிருந்து படை சுவரைத் துளைத்துக்கொண்டு நுழைந்திருக்கிறது. அதில் சில, வைரஸைப் பிடித்து முடக்கும் பொருளைச் சுரக்கும். சில, வைரஸ் புகுந்த அணுக்களைத் தேடிப்பிடித்து, வைரஸோடு சேர்த்து அழிக்கும்.

"தோல் என்றால் செத்தது உதிர்ந்து புதிது வளரும். இது மூளை. செத்தது திரும்ப வளராது" என்றார். அதோடு, சண்டை நடக்கிற இடம் வீங்கும். மண்டையோட்டுக்குள் வீங்க இடம் கிடையாது. வீக்கம்தான் மூச்சை நிறுத்தும்.

"அணுவைக் கொல்லாமல் வைரஸை மட்டும் விரட்ட முடியாதா?" என்று கேட்டேன்.

"சில சமயம் அப்படியும் நடக்கும்போலத் தெரிகிறது. எப்படி என்று எனக்குத் தெரியாது" என்றார். இந்த வைரஸைக் கொல்ல மருந்து இல்லை. படையை அடக்குகிற மருந்து ஒன்று உண்டு. அடக்கினால் வீக்கம் குறையும், ஆனால் வைரஸுக்குக் கொண்டாட்டமாகிவிடலாம். கொடுப்பதா வேண்டாமா என்று பெரிய டாக்டர்களே ஒத்துப்போகவில்லையாம். வலிப்பை நிறுத்துவது, வீக்கத்தை வற்றவைப்பது, மூச்சுக் குழலில் சளி அடைக்காமல் பார்ப்பது, அவ்வளவுதான் ஆஸ்பத்திரியால் முடியும் என்றார். மற்றதை அவள் உடம்புதான் செய்ய வேண்டும்.

நான் வராந்தாவுக்கு வந்தேன். மிஸ்ஸி அழுக்குத் துணிகளைச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர் சொன்னது வெளங்குச்சா?"

"வெளங்குச்சு மிஸ்ஸி. அந்த அணு ரொம்ப இருக்குன்னா அது நல்லதா, கெட்டதா?"

"ஐயோ, இவ ஒருத்தி. எதுக்கெடுத்தாலும் நல்லதா கெட்டதா, நல்லதா கெட்டதா." சாக்கை ஓர் உதை உதைத்தார். துணி உள்ளே இறங்கியது. "படை வந்திருக்கு. வராம இருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்."

பிறகு, நான் கேட்காமலே சொன்னார். சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே, ஏதோ பக்கத்து வீட்டுக் கதை மாதிரிச் சொன்னார்.

"நாங்க இருந்தது பீடோர் பக்கம் ஒரு எஸ்டேட்டு. எங்கப்பா நல்ல மனுசன், கள்ளு உள்ள போற வரைக்கும். ஒரு நாளு எங்கம்மா கழுத்த நெரிச்சுக்கிட்டு இருக்காரு. கதவு உள்தாப்பா. நான் சன்னல் வழியா தலைய நீட்டி கத்துனேன். லயத்துல இருந்த ஆம்பளைங்க அத்தன பேரும் பால் வாளி சொமக்குற காண்டா கம்பத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தானுங்க. கதவ ஒடச்சானுங்க. எங்க வீடு எம்மாம் பெருசு? நாலு பேரு படுத்தா அஞ்சாவது ஆளு நிக்கணும். அதுக்குள்ள நின்னு கம்ப சுத்துனா எப்புடி இருக்கும்? பான சட்டி, வெளக்கு, மாதா படம், எல்லாம் தூளு. இது அப்ப பட்டதுதான்." புருவத்துத் தழும்பைத் தொட்டுக்காட்டினார். "எங்கப்பா கை எறங்கிருச்சு. எங்கம்மா பொழச்சிட்டா. இன்னொரு கம்பு என் தம்பி மண்டையில பட்டுருச்சு. அதுக்கப்புறம் அவன் பேசவே இல்ல."

அவர் கட்டுவதற்கு ஏதுவாகச் சாக்கின் வாயை நானும் பிடித்துக்கொண்டேன்.

"அவனுங்க வரலேன்னா எங்கம்மா செத்திருப்பா. வந்ததுனால தம்பி போனான். கூப்பிட்டது நானு. யாரு மேல கோவப்படுறது, சொல்லு? நீ படிச்சவதானே?" என்று சிரித்தார். சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, கதவை இடித்துத் திறந்துகொண்டு போய்விட்டார்.

காய்ச்சல் இறங்கவில்லை. மறுபடியும் முதுகில் நீர் எடுத்துப் பார்க்க வேண்டும், வேறு கிருமியும் சேர்ந்துவிட்டதா என்று சந்தேகமாக இருக்கிறது என்றார் டாக்டர். அந்தச் செய்தி சுங்கை சிப்புட்டுக்கு எப்படியோ எட்டிவிட்டது.

அடுத்த நாள் மத்தியானம், பார்வையாளர் நேரத்தில், என் கணவரின் அண்ணன் வேனோடு வந்தார். பெரிய அத்தான் என்று கூப்பிடுவேன். கூட இரண்டு ஆட்கள், என் மாமியார், அன்றுதான் ஊர் திரும்பியிருந்த என் கணவர். பெரிய அத்தான் கெட்டவர் இல்லை. என் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தோட்டம் முழுக்கச் சுற்றுவார். அவளைச் சுற்றி எடுத்துப்போகத் தன் புதுக் கைலியைக் கொண்டுவந்திருந்தார்.

"மருந்தே இல்லேன்னு டாக்டரே சொல்லிட்டாராம். மருந்து இல்லாத எடத்துல புள்ளய எதுக்குப் போட்டு வெக்கணும்?" என்றார் என்னிடம். "பீடோர்ல ஒருத்தரு மூளை ஜன்னிக்கு மூக்குல சாறு ஊத்துறாரு. எந்திரிச்சு ஒக்காந்த புள்ளைங்கள நானே பாத்திருக்கேன். முதுகுல தண்ணிய எடுத்து எடுத்து பொம்பளப் புள்ளய மொடமாக்கிட்டா நாளைக்கு எவன் கட்டுவான்?"

அவர் பேச்சில் எனக்குத் தப்புக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. மருந்து இல்லை என்பது உண்மைதானே? வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு தாளில் கையெழுத்து வேண்டும், எது நடந்தாலும் எங்கள் பொறுப்பு என்று. தாளை அவரே வாங்கி வைத்திருந்தார். பேனாவை என் கணவரிடம் நீட்டினார். என் கணவர் அதை வாங்கி என்னிடம் நீட்டினார்.

மிஸ்ஸி மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"என்னா கூட்டம்? கல்யாணமா?"

"புள்ளய கூட்டிட்டுப் போறோம் மிஸ்ஸி. மருந்துதான் இல்லயே" என்றார் பெரிய அத்தான்.

"மருந்து இல்லண்ணே, சண்ட இருக்கு. உள்ள நடந்துக்கிட்டு இருக்கு. வலிப்பு வராம, மூச்சு நிக்காம நாங்க புடிச்சு வெச்சிருக்கோம். மூக்குல சாறு ஊத்துனா நேரா நெஞ்சுல எறங்கும். பீடோர் தாண்ட மாட்டா."

"நீங்க ஒங்க வேலைய பாருங்க."

"இதாண்ணே என் வேல." என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ சொல்லு. போடுறியா?"

"அவ என்னா சொல்றது? நாங்க சொன்னா கேப்பா" என்றார் பெரிய அத்தான்.

அதுவும் உண்மைதான். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்லை நான் மீறியதில்லை. அது எனக்குச் சிரமமாகவும் இருந்ததில்லை. பேனா என் கையில் இருந்தது. டாக்டர் சொன்னதெல்லாம் எனக்குப் புரிந்திருந்தது. புரிந்ததை எடுத்துச் சொல்லத்தான் ஒரு சொல்கூட வரவில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். ஆட்டியது எல்லாருக்கும் தெரிந்ததா என்ற பயத்தில் மறுபடியும் ஆட்டினேன்.

"தாய் வேணாம்னுட்டா. போயிட்டு வாங்க" என்றார் மிஸ்ஸி.

பெரிய அத்தான் குனிந்து, கைலியை விரித்து, மகளைத் தூக்கிவிட்டார். நரம்பில் ஏறிக்கொண்டிருந்த மருந்துக் குழாய் இழுபட்டு, கம்பம் சாய்ந்து, பாட்டில் தரையில் சிதறியது. மிஸ்ஸி பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தார். அவர் முழங்கையால் ஓர் இடி இடித்தார். மிஸ்ஸி மருந்து வண்டியின்மேல் விழ, வண்டி கவிழ்ந்து, ஊசிகளும் குப்பிகளும் உருண்டன. எழுந்தபோது அவருடைய கீழுதடு பிளந்திருந்தது. கையில் எவர்சில்வர் தட்டு. அதன் விளிம்பு பெரிய அத்தானின் காதோரம் இறங்கியது. கன்னமெல்லாம் ரத்தம். வந்த ஆட்களில் ஒருவன் மிஸ்ஸியின் கொண்டையைப் பிடித்து இழுத்தான். அவர் திரும்பாமலே பின்னுக்கு உதைத்தார். பெரிய அத்தான் ஒரு கையில் மகளை அணைத்துக்கொண்டு இன்னொரு கையை ஓங்கித் திரும்பினார். அந்தத் திரும்பலில் மேகலாவின் தலை கட்டில் கம்பியில் மோதியது.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் எல்லாரும் நின்றுவிட்டோம்.

அவர் கையிலேயே அவளுக்கு வலிப்பு வந்தது. கைலி நழுவியது. "நான் இல்ல... நான் இல்ல" என்றார் பெரிய அத்தான். மிஸ்ஸி அவளைப் பிடுங்கிக் கட்டிலில் போட்டு, உதட்டு ரத்தம் அவள் சட்டையில் சொட்டச் சொட்ட, ஊசியைக் குத்தினார். "டாக்டர கூப்புடு! ஓடு!" என்றார். ஓடியது என் கணவர். அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

வலிப்பு அடங்க நேரமாயிற்று. எல்லாம் கூட்டிப் பெருக்கிய பிறகு மிஸ்ஸி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மண்டையில பட்டுச்சா?"

"பட்டுச்சு மிஸ்ஸி."

"எந்தப் பக்கம்?"

"எடது."

அவர் தையல் போட்டிருந்த உதட்டை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு சில நாள் அவர் எதையும் அடிக்கவில்லை. கதவைக் கையால் திறந்து கையால் மூடினார். வார்டில் சத்தம் மிஞ்சினால் சத்தமாகவே இருந்தது. பீடோர் அக்கா என் காதில், "மிஸ்ஸிக்கு ஒடம்பு சரியில்லயா? எனக்குப் பயமா இருக்குலா" என்றார். மகளின் நெஞ்சில் முட்டியைத் தேய்ப்பதை மட்டும் விடவில்லை. தேய்த்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போய்விடுவார்.

மறுபடியும் நீர் எடுத்தார்கள். நானே கையெழுத்துப் போட்டேன். வேறு கிருமி இல்லை. வெள்ளை அணுக்கள் குறைந்துகொண்டிருந்தன. காய்ச்சலும் இறங்கியது. நான் மிஸ்ஸியிடம் ஓடினேன்.

"சண்ட முடிஞ்சிருச்சு" என்றார். "யாரு மிஞ்சியிருக்கான்னு இனிமேதான் தெரியும்."

இப்போது மேகலா பள்ளிக்கூடம் போகிறாள். வலது கை சற்று விளங்காது. இடது கையால் எழுதுகிறாள். கோபம் வந்தால் பென்சிலை உடைக்கிறாள், பக்கத்தில் இருக்கிற பிள்ளையைக் கிள்ளுகிறாள் என்று ஆசிரியை சொல்லி அனுப்புகிறார். இது அந்த வைரஸ் செய்ததா, அதை விரட்ட வந்த படை செய்ததா, கட்டில் கம்பி செய்ததா? டாக்டரிடம் கேட்டேன். பிரித்துச் சொல்ல வழியே இல்லை என்றார். பெரிய அத்தான் இன்னும் அவள் வலது கையைப் பார்க்காமல்தான் அவளோடு பேசுவார். காதோரத்தில் அவருக்கும் ஒரு தழும்பு. சண்டைக்கு மறுநாளே, கட்டுப் போட்ட காதோடு, பெரிய டின் மைலோ ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து வார்டு வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

யாரோ புகார் கொடுத்தார்கள். பெரிய அத்தான் தான் கொடுக்கவில்லை என்கிறார். நான் நம்புகிறேன், பெரும்பாலும். விசாரணையில் என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் அடித்தாரா என்றார்கள். அடித்தார் என்றேன். அடிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் சொன்னேன். அதை யாரும் எழுதிக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. மிஸ்ஸியை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். எந்த ஊர் என்று விசாரித்தேன். ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள். தைப்பிங்கா, தெலுக் இந்தானா என்று இன்றுவரை தெரியாது.

அவரை நான் மன்னித்தேனா, நன்றி சொல்ல வேண்டுமா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அவர் தட்டை ஓங்காமல் இருந்திருந்தால் தலை மோதியிருக்காது. ஓங்காமல் இருந்திருந்தால் பிள்ளை வேனில் போயிருக்கும். இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டிருக்க என்னால் முடிவதில்லை. அப்போதெல்லாம் அந்த ஒரு காலையைத்தான் நினைத்துக்கொள்வேன்.

காய்ச்சல் இறங்கி, ஆனாலும் மகள் கண் திறக்காமல் கிடந்த நாட்களில் ஒன்று. ஜன்னல் வழியாக வெயில் கட்டில் காலடிவரை வந்திருந்தது. பிள்ளைகளுக்கு வாய் துடைக்கிற நேரம். மிஸ்ஸி ஆள்காட்டி விரலில் ஈரத் துணியைச் சுற்றி, மேகலாவின் கன்னத்துக்கு உட்புறம் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திடீரென்று மிஸ்ஸியின் தோள் விறைத்தது.

வலிப்பு என்று நினைத்தேன். கிண்ணம் கை நழுவியது. ஆனால் உடம்பு துள்ளவில்லை. தாடை மட்டும் இறுகியிருந்தது. துணியின் வெள்ளையில் சிவப்புப் படர்ந்தது. மேகலா கண்ணைத் திறந்திருந்தாள். செருகிய கண் இல்லை, யாரென்று தெரியாத கண்ணும் இல்லை. நேராக மிஸ்ஸியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை நாள் நெஞ்சில் தேய்த்தவர் இவர்தான் என்று தெரிந்துகொண்டவள் போல, முழுக் கோபத்தோடு கடித்தாள்.

"மிஸ்ஸி, ரத்தம்! வெரல எடுங்க!" என்றேன்.

"சும்மா இரு" என்றார். "கடிடி. என்னையத்தான் கடிக்கிறா, தெரியுதா? ஆள் தெரிஞ்சு கடிக்கிறா. கடிடி என் ராசாத்தி, நல்லா கடி."

ரத்தம் மணிக்கட்டுவரை வழிந்து வெள்ளைச் சட்டையின் கை விளிம்பில் இறங்கியது. பீடோர் அக்கா எழுந்து வந்து நின்றார். மற்றத் தாய்மார்களும் வந்தார்கள். அவள் தானாக விடுகிறவரை மிஸ்ஸி விரலை எடுக்கவில்லை.